சையது நயீமுதீன்: பின்களத்திலிருந்து பயிற்சியாளர் இருக்கைக்கு

பொருநைக்கரை (பாளையங்கோட்டை)

அன்பர்களுக்கு வணக்கம். இந்தியக் கால்பந்து அணியின் முன்னாள் தலைவரும் பயிற்சியாளருமான சையது நயீமுதீனைப் பற்றி நம் பக்கத்தில் பேச்சு எழும்போதெல்லாம், 'மிகவும் கண்டிப்பானவர்' என்ற ஒரே சொல்லோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. அது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது என்பது என் எண்ணம். அவரைப் பின்கள ஆட்டக்காரராக முதலில் புரிந்துகொண்டால்தான், பயிற்சியாளராக அவர் எதைச் சாதித்தார், எங்கே இடறினார் என்பது விளங்கும்.

ஐதராபாத்தில் பிறந்து வளர்ந்தவர். பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம் உருவாக்கிய ஐதராபாத் கால்பந்தின் மரபிலிருந்து கொல்கத்தாவுக்குப் போய், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடியவர். 1970 ஆம் ஆண்டு பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். அரையிறுதியில் பர்மாவிடம் தோற்ற பிறகு, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானை 1-0 என்ற கணக்கில் வீழ்த்தி வெண்கலம் வென்றோம். அந்த ஜப்பான், இரண்டே ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற நாடு. அதே போட்டியின் முந்தைய சுற்றில் நம்மை 1-0 என்று வென்றும் இருந்தது. ஒரு முறை தோற்ற எதிரணியை மறுமுறை கோல் அடிக்கவே விடாமல் நிறுத்திய அணியின் தலைவர் ஒரு பேக் (பின்கள ஆட்டக்காரர்) என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து பெற்ற கடைசிப் பதக்கம் இன்றுவரை அதுதான்.

பயிற்சியாளராக அவர் ஈஸ்ட் பெங்காலுக்கு 1990 இல் ஐ.எஃப்.ஏ. கேடயம், டூரண்ட் கோப்பை, ரோவர்ஸ் கோப்பை ஆகிய மூன்றையும் ஒரே பருவத்தில் பெற்றுத் தந்தார். அதே ஆண்டு துரோணாச்சார்யா விருது கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் கால்பந்துப் பயிற்சியாளர் அவர். ஆட்டக்காரருக்கான அர்ஜுனா விருதை 1970 இலேயே பெற்றிருந்தார். 1997 இல் காத்மாண்டுவில் நடந்த தெற்காசியப் போட்டியின் இறுதியில் மாலத்தீவை 5-1 என்று வென்றதும், 2005 இல் கராச்சியில் வங்கதேசத்தை 2-0 என்று வென்றதும் அவருடைய பயிற்சியின் கீழ்தான்.

என் கேள்வி இதுதான். இவ்வளவையும் செய்த ஒருவரை வெறும் கண்டிப்புக்காரர் என்று மட்டும் நினைவில் வைத்திருப்பது ஏன்?

பேட்டை பேக் (திருநெல்வேலி)

அண்ணாச்சி, நீங்கள் சொன்ன வெற்றிகளில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் 2006 ஐ நீங்கள் தொடாமல் விட்டது சரியில்லை. ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் அந்த ஆண்டு பிப்ரவரியில் யோகோகாமா சென்ற இந்திய அணி, ஜிக்கோ பயிற்சியளித்த ஜப்பானிடம் 0-6 என்று தோற்றது. அடுத்து டெல்லியில், சொந்த மண்ணிலேயே, ஏமனிடம் 0-3. அத்தோடு அவருடைய பொறுப்பு பறிபோய், பாப் ஹௌட்டன் வந்தார். 1970 இல் ஜப்பானை ஒரு கோலும் அடிக்கவிடாமல் நிறுத்தியவர் பயிற்சியாளராக நின்றபோது, அதே ஜப்பான் ஆறு கோல் அடித்தது. இதற்கு இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளில் ஜப்பான் எங்கே போயிற்று, நாம் எங்கே நின்றோம் என்பது பெரிய கதை. 1993 இல் அவர்கள் தொழில்முறைத் தொடரைத் தொடங்கினார்கள், 1998 இல் உலகக் கோப்பைக்குப் போய்விட்டார்கள். அந்த வேறுபாட்டுக்கு ஒரு தனி மனிதரைப் பொறுப்பாக்க முடியாது என்பதை நானும் ஏற்கிறேன்.

இருந்தாலும், அவருடைய பயிற்சி முறை ஆளுக்கு ஆள் பிடிப்பதையும் உடல் உறுதியையும் நம்பியது. உணவு, உறக்கம், நேரம் தவறாமை ஆகியவற்றில் அவர் காட்டிய கடுமையும் அந்த நம்பிக்கையின் பகுதியே. தெற்காசிய நாடுகளுக்கு எதிராக அது போதுமானதாக இருந்தது. இரண்டு முன்கள வீரர்கள் இடம் மாறி மாறி ஓடி, நம் பேக்குகளைக் குழப்பிவிட்டு, பின்னாலிருந்து மூன்றாமவர் புகுந்து அடிக்கும் ஆட்டத்துக்கு எதிரே அது தாங்கவில்லை. ஆளைப் பிடித்தவன் ஆளோடு போனான். அவன் விட்டுப்போன இடத்தில் கோல் விழுந்தது.

காயல் காற்று (காயல்பட்டினம்)

இருவரும் சொல்லாத ஒன்றை நான் சேர்க்க விரும்புகிறேன். நயீமுதீன் ஆடிய காலத்தில் பேக் என்பவருக்கு ஒரு பெரிய பாதுகாப்பு இருந்தது. நெருக்கடி வந்தால் பந்தைத் திருப்பிக் கோல்கீப்பருக்குத் தட்டிவிடலாம். அவர் கையால் எடுத்துக்கொள்வார். 1990 உலகக் கோப்பையில் இந்த வழக்கத்தால் ஆட்டங்கள் சலிப்பூட்டும் அளவுக்குப் போனதால், 1992 இல் விதி மாற்றப்பட்டது. தன் அணிக்காரர் வேண்டுமென்றே காலால் தட்டிய பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக்கூடாது என்றானது.

இதன் விளைவை நம் ஊர் ஆட்டங்களிலேயே பார்த்திருக்கிறோம். எங்கள் ஊரில் கோடையில் நடக்கும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவுப் போட்டிக்கு வெளிமாநில அணிகள் வந்து ஆடும். பந்தைக் காலில் வைத்துத் தலை நிமிர்ந்து பார்க்கத் தெரிந்த பேக் இருக்கும் அணியையும், பந்து வந்தவுடன் வானத்துக்கு அடித்துவிடும் பேக் இருக்கும் அணியையும் முதல் பத்து நிமிடத்திலேயே பிரித்துச் சொல்லிவிடலாம். 2019 இல் கோல் கிக் விதியும் மாறி, பந்து பெனால்டி பகுதியைத் தாண்டும் முன்பே சொந்த அணிக்காரர் வாங்கலாம் என்றான பிறகு, ஸ்டாப்பர் எனப்படும் நடுப் பின்கள வீரர்தான் அணியின் முதல் பாஸைக் கொடுப்பவர் ஆகிவிட்டார்.

ஆகவே நயீமுதீன் தன் ஆட்ட அறிவைக் கற்றுக்கொண்ட உலகம் ஒன்று. பயிற்சியளித்த காலத்தின் பிற்பகுதியில் அவர் எதிர்கொண்ட உலகம் வேறொன்று. 1990 இல் வென்ற மூன்று கோப்பைகளும் அந்த விதி மாற்றத்துக்கு முந்தையவை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பொருநைக்கரை (பாளையங்கோட்டை)

காயல் தம்பி சொன்னது முக்கியமான கோணம். ஆனால் 1997 வெற்றி விதி மாற்றத்துக்குப் பிந்தையது. அந்தத் தொடரில் இந்தியா ஆடியது தற்காப்பு ஆட்டம் அன்று, ஐ.எம். விஜயன் கோல் மழை பொழிந்த தொடர் அது. பேக்காக இருந்த ஒருவர், விஜயனையும் பாய்ச்சுங் பூட்டியாவையும் போன்றவர்களைக் கட்டிப்போடாமல் ஆடவிட்டார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பின்கள வீரர் பயிற்சியாளரானால் அணி சுருங்கிவிடும் என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. முன்கள வீரனை எது துன்புறுத்தும், எது துன்புறுத்தாது என்பதை வாழ்நாள் முழுவதும் எதிரே நின்று பார்த்தவர் பேக்தான். எந்த ஓட்டம் தனக்குத் தலைவலி கொடுத்ததோ, அதைத் தன் முன்கள வீரனுக்குச் சொல்லிக்கொடுக்க அவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. பின்களத்தில் நிற்பவருக்கு ஆடும்போதே பேச வேண்டிய கடமை இருக்கிறது. வ.உ.சி. மைதானத்தில் மாலை நேர ஆட்டத்தை எல்லைக்கோட்டின் ஓரம் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் போதும். "ஏறு, ஏறு", "ஆளைப் பிடி", "உள்ளே விடாதே", "பின்னால் ஆள்" என்று ஓயாமல் கேட்கும் குரல் பெரும்பாலும் ஸ்டாப்பருடையதாகத்தான் இருக்கும். முன்கள வீரர் பந்து கேட்பதற்கு மட்டும் குரல் எழுப்புவார். அடுத்தவனை எங்கே நிறுத்துவது என்பதைத் தன் வேலையாகவே கொண்டவர் பேக். அந்தப் பழக்கம்தான் பின்னாளில் பயிற்சியாளர் இருக்கைக்கு அவரைக் கொண்டுபோகிறது என்பது என் உறுதியான கருத்து.

பேட்டை பேக் (திருநெல்வேலி)

பேசுகிறவர்கள் எல்லாரும் பயிற்சியாளர் ஆகிவிட முடியாது, அண்ணாச்சி. ஆனால் உங்கள் கருத்துக்கு வலுச் சேர்க்கும் இன்னொருவரை நானே சொல்கிறேன். மோகன் பகானின் சுப்ரதா பட்டாச்சார்யா. 1974 முதல் 1990 வரை ஒரே கிளப்புக்கு ஸ்டாப்பராக நின்றவர். 1975 இல் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியில் ஈஸ்ட் பெங்காலிடம் மோகன் பகான் 0-5 என்று தோற்றபோது அந்தப் பின்களத்தில் அவர் இருந்தார். ரசிகர்களின் கோபத்துக்கு அஞ்சி அன்றிரவைக் கங்கையில் படகில் கழித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1977 இல், அதே கிளப்பின் தலைவராக மூன்று கோப்பைகளை வென்றார். ஈடன் கார்டனில் பெலே ஆடிய காஸ்மாஸ் அணியை 2-2 என்று சமன் செய்ததும் அதே ஆண்டுதான்.

பயிற்சியாளராக 1999-2000 இலும் 2001-02 இலும் மோகன் பகானுக்குத் தேசிய லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். லீக் என்பது கோப்பைப் போட்டி போன்றதன்று, மாதக்கணக்கில் நீள்வது. ஒரு நாள் வீரத்தால் அதை வெல்ல முடியாது. தோல்விக்கு அடுத்த வாரம் அணியை மறுபடி எழுப்பி நிறுத்தத் தெரிந்தவரே வெல்வார். 1975 இன் அந்த இரவைக் கடந்து வந்தவருக்கு அது கைவந்ததில் எனக்கு வியப்பில்லை.

நயீமுதீனிடம் நான் காணும் குறை இங்கேதான் இருக்கிறது. அவர் கடுமையால் அணியை ஒரு தொடருக்கு, ஒரு பருவத்துக்கு உச்சத்துக்குக் கொண்டுபோனார். அதே கடுமை நீண்ட காலத்துக்குத் தாங்கவில்லை.

காயல் காற்று (காயல்பட்டினம்)

அதற்குக் காலமும் ஒரு காரணம். அவர் ஆடிய நாட்களில் ஆட்டக்காரர்களில் பலர் போலீஸ், ரயில்வே, வங்கி ஆகியவற்றில் வேலை பார்த்தவர்கள். கொல்கத்தா கிளப்புகளில் ஒரே மெஸ்ஸில் தங்கி, ஒரே பந்தியில் உண்டவர்கள். அங்கே மூத்தவரின் சொல்லுக்குக் கீழ்ப்படிவது இயல்பாக இருந்தது. 2005 இல் அவரிடம் வந்தவர்கள் ஒப்பந்தத்தில் ஆடியவர்கள். ஏன் செய்ய வேண்டும் என்று காரணம் கேட்கும் தலைமுறை. காரணம் சொல்லிப் பழக்குவது ஒரு தனிக் கலை. அது அவருடைய தலைமுறைக்குக் கற்றுத்தரப்படவில்லை. இன்று ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் உரிமப் படிப்புகளில் அதையும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மகேஷ் காவ்லியை இந்த இடத்தில் நினைவுபடுத்துகிறேன். கோவாக்காரர். 2003 இல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் இருந்தவர். பிறகு ஆர்மாண்டோ கொலாசோவின் டெம்போ அணியில் ஐ-லீக் பட்டங்களை வென்றவர். 2023 இல் பெங்களூருவில் நடந்த தெற்காசியப் போட்டியில் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் தடை செய்யப்பட்டதால், அரையிறுதியிலும் இறுதியிலும் உதவிப் பயிற்சியாளரான காவ்லிதான் எல்லைக்கோட்டில் நின்றார். லெபனானுடன் கோல் இல்லாத சமன், பெனால்டியில் வெற்றி. குவைத்துடன் 1-1, மறுபடியும் பெனால்டியில், 5-4 என்று கோப்பை. இரண்டு ஆட்டத்திலும் கூடுதல் நேரம் உட்பட இருநூற்று நாற்பது நிமிடத்தில் இந்தியா விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு கோல். அதுவும் குவைத் முதலில் அடித்த கோல். அதன் பிறகு நம் அணி நிலைகுலையவில்லை. திட்டம் ஸ்டிமாச்சுடையது என்று சொல்லலாம். ஆட்டத்தின் நடுவில் முடிவெடுக்க வேண்டிய பொறுப்பு அந்த இரண்டு இரவுகளிலும் காவ்லியின் தலையில்தான் இருந்தது.

சாரல் (தென்காசி)

பெரியவர்களின் விவாதத்தில் இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் தென்காசிப் பக்கத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். இந்த இழையைப் படித்தபோது என்னுடைய அன்றாடச் சிக்கல் ஒன்றுக்கு இங்கே விடை கிடைக்கும் என்று தோன்றியது.

என்னிடம் வரும் மாணவர்களில் ஒருவனும் பேக்காக ஆட விரும்புவதில்லை. எல்லாரும் கோல் அடிக்க வேண்டும் என்கிறார்கள். வலுக்கட்டாயமாகப் பின்னால் நிறுத்தினால், ஓட்டம் குறைந்தவனுக்கும் திறமை குறைந்தவனுக்கும் உரிய இடம் அது என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். இதற்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், உடல் பருத்த மாணவனைப் பார்த்தவுடன் 'நீ பேக்' என்று சொல்லிவிடும் வழக்கம் இருந்தது. அதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். நயீமுதீனைப் போன்ற ஒருவர் நம் மாவட்டங்களிலிருந்து வர வேண்டுமானால், முதலில் நல்ல பேக்குகள் வர வேண்டும் அல்லவா? இளம் வயதில் எங்கிருந்து தொடங்குவது?

உவரிக்கரை (உவரி)

தம்பிக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் கடற்கரை ஊர்களில் பிள்ளைகள் மணலில் ஆடிப் பழகுகிறார்கள். மணலில் ஓட்டம் குறையும், பந்தும் உருளாது. ஆகவே எதிராளி எங்கே போவான் என்பதை முன்கூட்டியே ஊகிக்கிறவன்தான் அங்கே பிழைப்பான். கால் பலமும் ஊகமும் தானாகவே வந்துவிடும். ஆனால் திருவிழாக் காலத்தில் நடக்கும் மின்னொளிப் போட்டிகள் பெரும்பாலும் எழுவர் ஆட்டமாகவும் ஐவர் ஆட்டமாகவும் இருப்பதால், ஆஃப்சைடு என்பதே எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகிறது. பதினொருவர் ஆட்டத்துக்குத் தேர்வு என்று போகும்போது, நான்கு பேக்குகளும் ஒரே வரிசையில் ஏறி இறங்க வேண்டும் என்பதே அவர்களுக்குப் புதிதாக இருக்கிறது. பரிசுப் பணம் தரும் போட்டிகள் நல்லவைதான்; அவை மட்டுமே போதாது.

பொருநைக்கரை (பாளையங்கோட்டை)

சாரல் தம்பி, உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரை எவனையும் பேக் என்றோ ஃபார்வர்டு என்றோ முத்திரை குத்தாதீர்கள். சுழற்சி முறையில் எல்லாரையும் எல்லா இடத்திலும் ஆடவிடுங்கள். 1962 ஆசிய விளையாட்டில் ஜகார்த்தாவில் நடந்ததை மாணவர்களிடம் சொல்லுங்கள். ஜர்னைல் சிங் இந்தியாவின் தலைசிறந்த ஸ்டாப்பர். தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த நிலையில், ரகீம் அவரை முன்களத்துக்கு அனுப்பினார். அரையிறுதியிலும் கோல் அடித்தார். தென்கொரியாவை 2-1 என்று வென்ற இறுதியிலும் கோல் அடித்தார். பின்னால் நிற்பவன் ஆட்டம் தெரியாதவன் என்ற எண்ணத்தை உடைக்க இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அடுத்தது, நம் மண். பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் பெரும்பாலான பள்ளி மைதானங்கள் புல் இல்லாத கட்டாந்தரை. சரிந்து விழுந்து பந்தைப் பறித்தால் முழங்காலும் தொடையும் தோல் உரிந்துவிடும். இதைக் குறையாக நினைக்காதீர்கள். விழாமல் நின்றபடியே பந்தைப் பறிக்கக் கற்பதற்கு நம் தரை கட்டாயப்படுத்துகிறது. உலகின் சிறந்த பேக்குகள் விழுவதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நான் பார்த்த வரையில் நன்கு பயன் தரும் பயிற்சி, ஒருவருக்கு ஒருவர் ஆட்டம். பத்து மீட்டர் அகலம், பதினைந்து மீட்டர் நீளத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பந்தோடு வருகிறவனை நோக்கி பேக் வேகமாக ஓடி, ஒன்றரைக் கை தூரம் இருக்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சை நேராகக் காட்டி நின்றால் கால்களுக்கு நடுவே பந்தைத் தள்ளிவிட்டுப் போய்விடுவான். உடம்பைச் சற்றுத் திருப்பி, ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னுமாக வைத்து, முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். எந்தப் பக்கம் எல்லைக்கோடு அருகில் இருக்கிறதோ அந்தப் பக்கமாக அவனைப் போகவிட்டு, கூடவே பின்வாங்க வேண்டும். பார்வை பந்தின் மேல் இருக்கட்டும். இடுப்பை ஆட்டி ஏமாற்றுவதைப் பார்க்க வேண்டாம். பந்து அவன் காலை விட்டுச் சற்று விலகும் நொடியில் மட்டும் கால் வைக்க வேண்டும். மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரே கட்டளை, "அவசரப்பட்டுக் காலை நீட்டாதே" என்பதுதான். இது நன்றாகப் படிந்த பிறகு இருவருக்கு இருவர் ஆட்டத்துக்குப் போங்கள். அங்கே ஒருவன் முன்னேறித் தடுக்கும்போது மற்றவன் அவனுக்குச் சற்றுப் பின்னால், உட்பக்கமாக நிற்பதைப் பழக்குங்கள். பேட்டை பேக் சொன்ன 2006 இன் சிக்கலுக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது. ஆளோடு மட்டும் போகாமல் இடத்தையும் காக்கக் கற்பது அந்த இரண்டாமவனின் நிலையிலிருந்துதான் தொடங்குகிறது.

பேக் என்றவுடன் தலையால் முட்டும் பயிற்சியை அதிகம் கொடுக்கத் தோன்றும். சிறுவர்களுக்கு அது வேண்டாம். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2020 இலேயே, தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவதைக் கைவிடுமாறு வழிகாட்டியது. மூளைக்கு வரக்கூடிய தீங்கைப் பற்றிய கவலையே காரணம்.

பேட்டை பேக் (திருநெல்வேலி)

அண்ணாச்சி சொன்ன பயிற்சியை நானும் வழிமொழிகிறேன். ஒன்றைச் சேர்க்கிறேன். பயிற்சி ஆட்டத்தில் கோலுக்கு மட்டும் புள்ளி கொடுக்காமல், பின்களத்தில் பந்தைப் பறித்து, அதை இழக்காமல் நடுக்களத்துக்குக் கொடுத்தாலும் ஒரு புள்ளி என்று வைத்துப் பாருங்கள். முன்னால் ஓடத் துடிக்கும் பையனும் பின்னால் வந்து உழைப்பான்.

நயீமுதீனைப் பற்றிய என் கருத்தில் ஒரு பகுதியை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். கண்டிப்பு வேண்டும், காரணம் சொல்லாத கண்டிப்பு வேண்டாம். ஆனால் அவரை அந்த ஒரு சொல்லுக்குள் அடைத்துவிடக் கூடாது என்று அண்ணாச்சி தொடக்கத்தில் கேட்டது நியாயமானதே. ஆட்டக்காரராக ஆசியப் பதக்கம், கிளப் பயிற்சியாளராக ஒரே பருவத்தில் மூன்று கோப்பை, எட்டு ஆண்டு இடைவெளியில் நாட்டுக்கு இரண்டு தெற்காசியப் பட்டங்கள். இவ்வளவும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அரிது.

சாரல் (தென்காசி)

அனைவருக்கும் நன்றி. வரும் திங்கட்கிழமை முதல் ஒருவருக்கு ஒருவர் பயிற்சியை ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களோடு தொடங்குகிறேன். புள்ளி முறையையும் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு ஐயம் மட்டும் உள்ளது: அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் 'டி' உரிமத்துக்கு நான் விண்ணப்பிக்கலாமா, அல்லது அது முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் உரியதா?

காயல் காற்று (காயல்பட்டினம்)

தாராளமாக விண்ணப்பிக்கலாம். பெரிய கிளப்புகளுக்கு ஆடியிருக்க வேண்டும் என்ற தேவை இல்லை. சிறுவர்களுக்குப் பயிற்சி அளிப்பவர்களுக்காகவே அது வகுக்கப்பட்டது. அதற்கு மேல் சி, பி, ஏ, இறுதியாக ப்ரோ என்று படிகள் உள்ளன. மாநிலச் சங்கம் வகுப்பு அறிவிக்கும்போது இடங்கள் விரைவில் நிறைந்துவிடும். ஆகவே மாவட்டச் சங்கத்தில் இப்போதே பெயரைச் சொல்லி வையுங்கள். வகுப்பில் செய்முறைத் தேர்வும் உண்டு. அண்ணாச்சி விவரித்த அந்த ஒருவருக்கு ஒருவர் பயிற்சியையே நீங்கள் அங்கே நடத்திக் காட்டலாம்.